காபோனுக்குக் கிடைப்பது உதவியா, விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய ஆப்பிரிக்க நாடான காபோனின் காடுகளைக் காப்பதற்குப் பன்னாட்டு அமைப்புகள் உதவி அளித்துவருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு நாட்டைப் பற்றி எழுத முன்வந்தமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும் 'உதவி' என்ற சொல் அக்கட்டுரையில் பத்தி தவறாமல் இடம்பெற்றிருந்தது என் மனத்தை உறுத்தியது. அச்சொல் ஏன் பொருந்தாது என்று நான் கருதுகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது; கடிதத்தின் நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் மதுரையில் முப்பது ஆண்டுகளாக பிளைவுட் வணிகம் செய்துவருபவன். காபோனுக்குச் சென்றதில்லை. ஆனால் அந்நாட்டு மரம் என் கடைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பிளைவுட் பலகையின் மேற்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய தகட்டை நாங்கள் ஃபேஸ் வெனீர் என்போம். அது நெடுங்காலம் பர்மாவின் கர்ஜன் மரத்திலிருந்தே வந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மரத்தின் (அறுக்காத முழுக் கட்டையின்) ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு, இந்திய ஆலைகள் மாற்று மரத்தைத் தேடி அலைந்தபோது கைகொடுத்தவற்றுள் ஒன்று காபோனின் ஒக்குமே. இளஞ்சிவப்பு நிறமும் குறைந்த எடையும் உடைய அந்த மரத்தை எந்திரத்தில் சுழற்றித் தகடாக உரிப்பது எளிது. உலகில் அது இயற்கையாக வளர்வது பெரும்பாலும் காபோனிலும், அதையொட்டிய ஈக்குவடோரியல் கினி, காங்கோ, கேமரூன் ஆகியவற்றின் சில பகுதிகளிலும் மட்டுமே. "பர்மா இல்லையா, இது கொஞ்சம் மென்மையாக இருக்கிறதே" என்று ஆசாரிமார் குறைபட்டுக்கொண்டே வாங்கிச் சென்ற நாட்கள் நினைவில் உள்ளன. அந்த மரம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, ஏன் உருட்டு மரமாக வராமல் தகடாகவே வருகிறது என்று அறிந்துகொள்ள முற்பட்டதுதான் காபோனைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம்.

ஏறத்தாழ 2,67,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, அதாவது தமிழ்நாட்டைப் போல் இரு மடங்கு பெரிதான அந்நாட்டில் வாழ்வோர் சுமார் 24 லட்சம் பேர். எங்கள் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகையைவிடக் குறைவு. நிலப்பரப்பில் ஏறக்குறைய 88 விழுக்காடு காடு. 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற பின்னரும் அரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டின் மர வணிகம் காலனிக் காலத்து வழியிலேயே நடந்தது. காட்டில் வெட்டப்பட்ட ஒக்குமே கட்டைகள் ஒகோவே ஆற்றில் தெப்பமாகக் கட்டி மிதக்கவிடப்பட்டு, கடற்கரைக்கு வந்து, கப்பலேறிப் பிற நாட்டு ஆலைகளுக்குச் சென்றன. முன்பு வாங்கியது பிரான்ஸ். பின்னாளில் முதலிடம் சீனாவுக்கு வந்தது. மரம் காபோனுடையது, தகடும் பலகையும் மேசையும் அவற்றின் இலாபமும் வேறொருவருடையவை என்பதே அந்த ஏற்பாடு.

இதை மாற்றியது எந்த நன்கொடையும் அன்று. 2009 நவம்பரில் அரசு உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்வதாக அறிவித்து, 2010இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அடி பலமாகவே விழுந்தது. மரம் வெட்டுவது சரிந்தது, அரசின் வருவாய் குறைந்தது, மரத்தொழிலில் பலர் வேலை இழந்தனர். அந்த நேரத்தில் தடையைத் தளர்த்தும்படி வந்த நெருக்கடிக்கு அரசு பணிந்திருந்தால் இன்று எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது. பணியவில்லை. அதே 2010இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலம் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, தலைநகர் லிப்ரவிலிலிருந்து 27 கிலோமீட்டர் தொலைவில் உள்ள என்கோக்கில் 1,126 ஹெக்டேரில் ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்தை உருவாக்கியது. தொடக்கத்தில் ஓலத்துக்கு 60 விழுக்காடு பங்கு, அரசுக்கு 40. இந்தியர்களும் சீனர்களும் நடத்தும் வெனீர் ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் அங்கே வந்தன. எங்கள் தொழிலில் பெயர்பெற்ற இந்திய நிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். கட்டையாக எடுத்துச் செல்ல முடியாது என்றான பிறகுதான், உரிக்கும் எந்திரம் மரம் இருக்கும் இடத்தைத் தேடிப் போயிற்று.

கட்டுரையாளர் தவறவிட்டது இந்த வரிசையைத்தான். முதலில் கூட்டாளி வந்து, அவர் அறிவுரையின்பேரில் நாடு மாறவில்லை. நாடு முதலில் ஒரு கதவை அடைத்தது. அடைத்த பிறகு வேறு கதவு வழியாகக் கூட்டாளிகள் வந்தார்கள். அவர்கள் அன்பினால் வந்தவர்களும் அல்லர். மண்டலத்தில் தொழில் தொடங்கியவர்களுக்கு முதல் 10 ஆண்டுகளுக்கு வருமான வரி இல்லை, சுங்க வரியில் விலக்கு, கைக்கெட்டும் தூரத்தில் மரம். வணிகனான எனக்கு இதில் குறை காணத் தோன்றவில்லை. இலாபம் இருக்கும் இடத்துக்கு வருகிறவன், இலாபம் இருக்கும்வரை நிற்பான் என்ற உறுதியாவது உண்டு. ஆனால் இத்தனை வரியை விட்டுக்கொடுத்து வரவழைத்த முதலீட்டை 'காபோனுக்கு வந்த உதவி' என்று கணக்கில் எழுதினால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

இனி, காட்டுக்காகவே தரப்பட்ட பணத்துக்கு வருகிறேன். நார்வே முதன்மையாக நிதியளிக்கும் மத்திய ஆப்பிரிக்க வன முன்முயற்சி என்னும் கூட்டமைப்பு, 10 ஆண்டுகளில் 15 கோடி டாலர் வரை தருவதாக 2019இல் காபோனுடன் ஒப்பந்தம் செய்தது. 2021 ஜூனில் முதல் தவணையாக 1.7 கோடி டாலர் வழங்கப்பட்டது. காடழிவால் வெளியேறும் கரியமில வாயுவைக் குறைத்ததற்காக ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு இவ்வாறு பணம் தரப்பட்டது அதுவே முதன்முறை என்பதால் உலகெங்கும் பெரிதாகப் பேசப்பட்டது. தங்கள் கட்டுரையும் அதைத்தான் முதன்மைப்படுத்தியது. ஆனால் ஒரு சிறிய வகுத்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். 15 கோடி டாலர் முழுவதும் வந்து சேர்ந்தாலும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி. 24 லட்சம் பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு ஆறேகால் டாலர், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு நாடு தன் நிலத்தில் பெரும்பகுதியைக் காடாகவே வைத்திருப்பதற்கு உலகம் தரும் தொகை இது.

தொகை ஏன் இவ்வளவு சிறிதாக உள்ளது என்பதற்கு ஒரு காரணம், அதைக் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. பணம் தரப்படுவது காடு இருப்பதற்காக அன்று. 2005 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் ஏற்பட்ட வெளியேற்றத்தோடு ஒப்பிட்டு, அதன் பிறகு எவ்வளவு குறைந்தது என்பதற்காக. முன்பு பெரிய அளவில் காட்டை அழித்துவிட்டு இப்போது அழிப்பதைப் பாதியாகக் குறைத்த நாட்டுக்குக் காட்டுவதற்குப் பெரிய எண் இருக்கும். தொடக்கத்திலிருந்தே அழிக்காத நாடு எதைக் குறைத்துக் காட்டும்? வங்கியில் கடன் வாங்கித் தவணை தவறி, பிறகு ஒழுங்காகக் கட்டத் தொடங்கியவருக்கு சிபில் மதிப்பெண் ஏறுகிறது. வாழ்நாளில் கடனே வாங்காதவர் போய் நின்றால் மதிப்பெண்ணே இல்லை என்கிறார்கள். காபோனின் நிலை கிட்டத்தட்ட அதுதான். 2002இல் ஒரே அறிவிப்பில் 13 தேசியப் பூங்காக்களை ஏற்படுத்தி, நிலப்பரப்பில் ஏறத்தாழ 11 விழுக்காட்டைப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்த நாடு அது. அந்த முந்தைய நன்னடத்தைக்குக் கணக்கேட்டில் போதிய இடமில்லை.

இதற்கு இணையான இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் வருவாயின் காரணமாக காபோன் உயர் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே வறிய நாடுகளுக்கு உலக வங்கி தரும் சலுகைக் கடன்கள் அதற்குக் கிடைப்பதில்லை. சந்தையை ஒட்டிய வட்டியில்தான் வாங்கியாக வேண்டும். ஆனால் அந்த வருமானம் பங்கிடப்பட்ட விதத்தால், மக்களில் சுமார் மூன்றில் ஒருவர் தேசிய வறுமைக்கோட்டின்கீழ் வாழ்கிறார்கள். சராசரி என்னும் எண் ஓர் ஏழையின் பெயரில் எழுதிய பொய்ச் சான்றிதழாகிவிடும் இடம் இது. அந்தச் சராசரியை உயர்த்திக் காட்டிய எண்ணெய்ப் பணம், 1967 முதல் 2023 வரை 56 ஆண்டுகள் தந்தையும் மகனுமாக ஆண்ட போங்கோ குடும்பத்தின் காலத்தில் எங்கே போயிற்று என்பதை அந்நாட்டு மக்கள்தான் கேட்க வேண்டும், கேட்டும் வருகிறார்கள். அதையெல்லாம் வெளிநாட்டுக் கூட்டாளிகளின் தலையில் கட்டுவது என் நோக்கமில்லை.

2023 ஆகஸ்டு மாத நடுவில் நடந்த கடன் மாற்று ஏற்பாட்டைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றிருந்தார். பேங்க் ஆஃப் அமெரிக்கா ஏற்பாடு செய்த அத்திட்டத்தின்படி 50 கோடி டாலர் அளவிலான பழைய கடன் பத்திரங்கள் திரும்ப வாங்கப்பட்டு, அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் வழங்கிய காப்பீட்டின் துணையோடு புதிய கடன் எழுப்பப்பட்டது. அதற்கு ஈடாக, நேச்சர் கன்சர்வன்சி என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புடன் செய்த உடன்பாட்டின்படி, 15 ஆண்டுகளில் சுமார் 16.3 கோடி டாலர் கடல் பாதுகாப்புக்குச் செலவிடப்படும் என்று முடிவாயிற்று. இதில் நினைவில் கொள்ள வேண்டியது, கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை. ஒரு கடனின் இடத்தில் சற்று வசதியான இன்னொரு கடன் அமர்ந்தது, அவ்வளவே. அதன் முதலையும் வட்டியையும் கட்டப்போவது காபோன் மக்கள். அந்த ஏற்பாடு முடிந்து இரண்டு வாரமே ஆன நிலையில், ஆகஸ்டு 30 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. முதலீட்டாளர்கள் பதறினார்கள், பத்திரங்களின் விலை சரிந்தது. அப்போது தலைமையேற்ற ஒலிகி இன்கேமா 2025 ஏப்ரலில் நடந்த தேர்தலில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்சி கவிழ்ந்தபோதும் உருட்டு மரத் தடை கவிழவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெளியார் எழுதிக்கொடுத்த நிபந்தனையாக இருந்திருந்தால், புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாக அதைத்தான் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

இவ்வளவும் சொல்வதால் காபோனில் எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். மரத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் வேதனை தந்தது 2019இல் வெளிவந்த கெவாசிங்கோ விவகாரம். வெட்டத் தடைசெய்யப்பட்ட விலையுயர்ந்த அந்த மரம் நிரம்பிய கண்டெய்னர்கள் ஒவெண்டோ துறைமுகத்தில் பிடிபட்டன. பிடிபட்டவற்றில் 353 கண்டெய்னர்கள் பிறகு காணாமற்போயின. கெவாசிங்கோ மரம் ஒக்குமே என்ற பெயரில் ஆவணம் பெற்றிருந்ததாகச் செய்திகள் வந்தன. துணை அதிபரும் வனத்துறை அமைச்சரும் பதவி நீக்கப்பட்டனர். அதன் பின்னரே, பிரித்தானியாவில் பிறந்து காபோன் குடிமகனாகிவிட்ட லீ ஒயிட் என்ற உயிரியலாளர் அத்துறையின் அமைச்சரானார். எங்கோ ஒரு துறைமுகத்தில் காகிதத்தில் மாற்றி எழுதப்பட்ட ஒரு மரத்தின் பெயர், அதே பெயரில் மரம் வாங்கும் எங்களைப் போன்றவர்களின் விலைச்சீட்டுவரை வந்து தொடும். நாங்கள் விற்கும் தகடு எந்தக் காட்டில், எந்த உரிமத்தின்கீழ் வெட்டப்பட்டது என்று வாடிக்கையாளர் என்னைக் கேட்டதில்லை. நானும் எனக்கு விற்பவரை நெடுங்காலம் கேட்டதில்லை. காட்டு உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களும் காட்டைப் பொறுப்புடன் பராமரிப்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழ் பெற வேண்டும் என்று காபோன் அரசு 2018இல் அறிவித்து, 2022 என்று கெடுவும் வைத்தது. கெடு தள்ளிப்போயிற்று. கேட்பவர் இல்லாத சான்றிதழை யார் அவசரப்பட்டு வாங்குவார்?

இன்னொரு குறை, அந்நாட்டு ஆலைகளிலிருந்து வெளியேறும் சரக்கிலேயே தெரிகிறது. கட்டையை வெளியே விடுவதில்லை என்பது உண்மை. ஆனால் வெளியே போவதில் பெரும்பங்கு இன்னமும் தகடும் அறுத்த மரமும்தான். தகட்டைக் கோர் எனப்படும் உட்பலகை மீது ஒட்டி, அழுத்தி, ஓரம் வெட்டி எட்டுக்கு நாலு ஷீட்டாக்கி, அதை அலமாரியாகவும் கட்டிலாகவும் மாற்றும் இடத்தில்தான் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி இன்றும் இந்தியாவிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும்தான் நிகழ்கிறது. என்கோக்கில் அறைகலன் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. ஆயினும் உள்ளூர்ச் சந்தை சிறிது, திறன் பெற்ற தொழிலாளர்கள் போதாது, பெரிய சந்தைகளோ கடல் கடந்து உள்ளன. பக்கத்து நாடுகளும் சேர்ந்து தடை விதித்திருந்தால் பேரம் பேசும் வலிமை கூடியிருக்கும். மத்திய ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகள் 2022 முதல் உருட்டு மர ஏற்றுமதியை ஒன்றாக நிறுத்துவதாக 2020இல் முடிவெடுத்தன, பிறகு ஒத்திவைத்தன. அதனால் காபோனில் கிடைக்காத கட்டையை அண்டை நாட்டில் வாங்கும் வழி அடைபடாமலே இருந்தது.

காட்டோரத்து மக்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. வேட்டைக் கும்பல்களால் வடகிழக்கு காபோனின் மின்கெபே காட்டுப் பகுதியில் 2004க்கும் 2014க்கும் இடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு யானைகள் அழிந்தன என்பது ஆய்வாளர் கணக்கு. அப்படியிருந்தும் ஆப்பிரிக்கக் காட்டு யானைகளில் பாதிக்கு மேல் இன்று காபோனில்தான் உள்ளன. உலகத்துக்கு அது பெருமை. மரவள்ளியும் வாழையும் பயிரிட்டு ஓர் இரவில் அத்தனையையும் யானைகளுக்குப் பறிகொடுக்கும் பெண்ணுக்கு அது பெருமையாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. காட்டுக்காக வெளியிலிருந்து வரும் பணத்தில் எவ்வளவு பங்கு வேலி அமைக்கவும் பயிரிழப்பை ஈடுகட்டவும் செல்கிறது என்பதே அந்தக் கிராமங்களில் இத்தகைய கூட்டுறவுகளின் மதிப்பைத் தீர்மானிக்கும்.

கட்டுரையாளர் மேற்கத்திய அமைப்புகளை மட்டுமே கூட்டாளிகளாகக் கருதியதும் பொருத்தமாகப் படவில்லை. ஒவெண்டோவிலிருந்து பிரான்ஸ்வில்வரை சுமார் 650 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதைக்கு 1970களில் உலக வங்கி பணம் தர மறுத்தது. இலாபம் தராத திட்டம் என்பது அதன் கணிப்பு. எண்ணெய் வருவாயையும் வேறு கடன்களையும் கொண்டு 1986இல் அப்பாதை முடிக்கப்பட்டது. இன்று மோவாண்டா சுரங்கத்தின் மாங்கனீசும் உள்நாட்டுக் காடுகளின் மரமும் கடலைச் சேர்வது அதன் வழியாகத்தான். அதுபோலவே, பிரான்ஸ்வில் அருகே 160 மெகாவாட் திறனுள்ள புபாரா நீர்மின் நிலையம் சீனக் கடனில், சீன நிறுவனத்தால் கட்டப்பட்டு 2013இல் இயங்கத் தொடங்கியது. யாருடைய கடன் நல்லது என்று தரம் பிரிக்க நான் வல்லவன் அல்லேன். ஆனால் இவற்றை விட்டுவிட்டு எழுதினால் படம் பாதியாகிவிடும்.

மாங்கனீசைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மரத்தில் செய்ததையே அதிலும் செய்யப்போவதாக, 2029 ஜனவரி 1 முதல் மாங்கனீசுத் தாதுவைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அந்நாட்டு அரசு 2025இல் அறிவித்துள்ளது. எஃகு உற்பத்திக்கு இன்றியமையாத அந்தத் தாதுவை காபோனிலிருந்து வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகவே என்கோக்குக்கு வெனீர் ஆலைகள் போனதுபோல, இனி உருக்காலை முதலாளிகளும் அங்கே இடம் கேட்டுப் போக நேரலாம். ஆனால் மரத்தை உரிப்பதற்கு வேண்டிய மின்சாரமும் மாங்கனீசை உருக்குவதற்கு வேண்டிய மின்சாரமும் ஒன்றல்ல. தலைநகரிலேயே மின்வெட்டைச் சமாளிக்க, துருக்கி நிறுவனம் ஒன்றின் மிதக்கும் மின்நிலையத்தை 2025இல் வாடகைக்கு அமர்த்திக்கொண்ட நாடு, 2029க்குள் உலைகளுக்கான மின்சாரத்தை எங்கிருந்து பெறப்போகிறது, அதற்காக யாருடன் என்ன நிபந்தனையில் கையெழுத்திடப்போகிறது என்பதே இனி கவனிக்க வேண்டிய செய்தி.

அதைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்போது தொகையோடு அது மானியமா, கடனா, முதலீடா என்பதையும், கடனென்றால் வட்டி எவ்வளவு, முதலீடென்றால் எத்தனை ஆண்டு வரிவிலக்கு என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டால், 'உதவி' என்ற சொல்லை எங்கே இடுவது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இங்ஙனம்,
பிளைவுட் வணிகர் ஒருவர்,
மதுரை